பின்வாசல் காற்று

என் உத்தியோக காலத்தில் நான் அதிகமாகச் சொன்ன சொல் 'உஷ்'. அதில் பாதி அவர் ஒருவருக்கே சொன்னது. திருச்சியில் ஒரு கல்லூரியில் நான் நூலகர், அவர் இயற்பியல் பேராசிரியர். மாணவன் என்றால் ஒரு 'உஷ்'ஷில் அடங்கிவிடுவான். இவருக்கோ அது வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. எழுந்து நேராக என் மேஜைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மிச்சத்தை எனக்குச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

எதன் மிச்சம் என்று கேட்பீர்கள். அவருக்கு உலகத்தில் ஒரே பேச்சுதான். கோடானுகோடி நட்சத்திரங்கள் கூடிக் கிடக்கிற கூட்டத்துக்குக் கேலக்ஸி என்று பெயராம். அந்தக் கேலக்ஸிகளில் சிலவற்றின் நட்டநடுவில் ஒரு பூதம் உட்கார்ந்திருக்கிறதாம். பிளாக் ஹோல். வெளிச்சம்கூட அதற்குள் விழுந்தால் திரும்பாது. சுற்றியிருக்கிற வாயு எல்லாம் சுழன்று சுழன்று உள்ளே விழ, அதைத் தின்று தின்று பூதம் பெருத்துக்கொண்டே போகிறது. இவ்வளவு கேட்டதும் எவனாவது ஒரு பையன், அப்படியானால் அது எல்லாவற்றையும் விழுங்கிவிடுமா என்று கேட்டுத் தொலைப்பான். அன்றைக்கு எனக்கு வேலை ஓடாது.

"முழுங்கறது என்னய்யா பெரிய சேதி?" என்பார். "முழுங்க முடியாம வெளியிலே தள்றதே, அதுதான் சேதி."

விழுகிற வாயு சும்மா விழுவதில்லை, ஒன்றோடொன்று உரசிக் கொதிக்கும், கொதித்து வெளிச்சம் விடும், அந்த வெளிச்சமே பின்னால் வருகிற வாயுவைப் பிடித்து வெளியே தள்ளிவிடும் என்பது அவர் கட்சி. தின்ன வேண்டியதைத் தானே ஊதி விரட்டிவிடுகிற பிராணி. அதனாலேயே அது ஓர் அளவுக்கு மேல் பெருத்துவிட முடியாது என்பார். அப்படி வெளியே ஓடுகிற வாயுவை யாரும் பக்கத்தில் போய்ப் பார்க்கவில்லை. வருகிற ஒளியைப் பிரித்துப் பார்த்தால் அதில் உள்ள கோடுகள் நீலப் பக்கமாக நகர்ந்திருக்கும், அதை வைத்துத்தான் வேகம் சொல்கிறார்கள். கேட்டால் நமக்கு மூச்சு நின்றுவிடும், அவ்வளவு வேகம். ஆனால் பூதம் பெருப்பதை அந்தக் காற்று உண்மையிலேயே நிறுத்துகிறதா என்பது பாதி ஊகம்தான் என்று அவரே ஒப்புக்கொள்வார். ஊகம் என்பதால்தான் அவருக்கு அத்தனை உற்சாகம்.

எழுபதுகளில் வெளிநாட்டுப் பத்திரிகைகள் கப்பலில் ஆடி அசைந்து வந்து சேர மாதக்கணக்காகும். தபால் கட்டு இறங்கிவிட்டது என்று அவருக்கு யார் சொல்வார்களோ தெரியாது, கையில் சாக்பீஸோடு வகுப்பிலிருந்தே வந்து நிற்பார். முத்திரை குத்தாமல் தரமாட்டேன் என்று நான் ஒரு நுனியைப் பிடித்துக்கொள்வேன், அவர் மறு நுனியை. அதைப் பார்த்துப் பையன்கள் சிரிப்பார்கள். வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஜன்னலோரத்திலிருந்து "பேஷ்!" என்று ஒரு சத்தம் வரும். 'அமைதி காக்கவும்' என்ற பலகை அவர் தலைக்கு நேர் மேலேதான் தொங்கும்.

உடனே நாலு பேர் சுற்றிக் கூடுவார்கள். நாலு பேர் பத்தாவார்கள். சொல்ல வேண்டும், அவர் பேச்சு ஆரம்பத்தில் அவ்வளவு நன்றாக இருக்கும். கடைசி வருஷத்துப் பையன்கூடப் பரீட்சையை மறந்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்பான். ஆனால் அவருக்குச் சூடு ஏற ஏற, விளிம்பில் நிற்பவன் முதலில் நழுவுவான். அப்புறம் அவனுக்கு முன்னால் நின்றவன். கடைசியில் நாற்காலியில் மாட்டிக்கொண்ட ஒருவன் மட்டும் பசியோடு உட்கார்ந்திருப்பான். வருகிறவர்களைத் தானே வெளியே தள்ளும் அந்தப் பூதம் எது என்று எங்கள் கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும், அவரைத் தவிர. எனக்கு அதைப் பார்க்கச் சிரிப்பும் வரும், வயிற்றெரிச்சலும் வரும்.

வானத்தோடு நிறுத்திக்கொண்டாலாவது பரவாயில்லை. அவருக்கு எங்கே பார்த்தாலும் அதுதான். ஒருநாள் சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நான் நின்றுகொண்டிருக்கிறேன். ஸ்ரீரங்கம் போகிற ஒன்றாம் நம்பர் வந்து நின்றது. ஏறுகிற கூட்டம் அடைத்துக்கொண்டு இறங்குகிறவர்களை இறங்கவிடவில்லை. இவர் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பி நின்று கூட்டத்துக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். வெளியே வருகிறது வந்தால்தான் உள்ளே போகிறது போக முடியும், இரண்டும் ஒரே வழியில் மோதினால் இரண்டும் கெட்டது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார். ஜனங்கள் அவர் கைக்குக் கீழே குனிந்து குனிந்து ஏறிவிட்டார்கள். கண்டக்டர் அவர் தோளை மெதுவாகத் தொட்டுக் கீழே இறக்கி நிறுத்திவிட்டு விசில் அடித்தார். பஸ் போயே போய்விட்டது. வேறு ஆளாயிருந்தால் கண்டக்டரை வைதிருப்பார். இவர் முகமெல்லாம் பல்லாக என்னிடம் வந்தார்.

"பாத்தேளா மேடம்? அத்தனை பேரையும் உள்ளே இழுத்துண்டு என்னை மட்டும் வெளியிலே தள்ளிடுத்து."

அடுத்த பஸ் வருகிற வரைக்கும் நான்தான் கேட்டாக வேண்டியிருந்தது. பாலக்கரை போகிற என் பஸ் இரண்டு தடவை வந்துவிட்டுப் போனது.

இன்னொரு நாள் ஏதோ புத்தகம் கொடுக்க ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவியைக் கல்லூரியில் நாங்கள் மாமி என்றே சொல்வோம். மாமி பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு, பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தார். யாரிடம் சொல்லிவிட்டுப் போனார் பாருங்கள். நான் உள்ளே போகும்போது பால் பொங்கிக்கொண்டிருக்கிறது, இவர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார். பதறிப்போய் நான் கரித்துணியைத் தேடினால், தொடாதீர்கள் என்று தடுக்கிறார். பால் வழிந்து, கரியடுப்பில் இறங்கி, புஸ்ஸென்று அடுப்பே அணைந்தது.

"யாரும் அணைக்கல்லே, கவனிச்சேளா? தன்னைக் கொதிக்க வெச்ச நெருப்பைத் தானே அணைச்சிண்டுடுத்து. இதேதான் மேடம் அங்கேயும்."

துளசியும் தீர்த்தமுமாக வந்த மாமி, பெருமாள் பேரைச் சொன்ன அதே வாயால் சொன்னதை இங்கே எழுத முடியாது. அந்த வீட்டில் அன்றைக்கு எனக்குப் பால் இல்லாத காபி கிடைத்தது. ஒரு ஐயங்கார் வீட்டில் இதைவிடப் பெரிய அவமானம் வேண்டியதில்லை. மாமி அதற்காக ரொம்ப நாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தப்பட்டார். பேராசிரியர் ஒரு நாளும் வருத்தப்படவில்லை.

இத்தனையும் தமாஷாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அவர் பெண்ணுக்கு வரன் பார்க்க ஆரம்பிக்கும்வரை.

ஒரே பெண். வங்கியில் வேலை. முகம் அப்பா மாதிரி, புத்தி நல்லவேளையாக அம்மா மாதிரி. சனிக்கிழமைகளில் நூலகத்துக்கு வருவாள், என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுவாள். முதலில் வந்த வரன் வீட்டார் பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே, பெண்ணுக்கு என்னவெல்லாம் பிடிக்கும் என்று கேட்டார்கள். அவளுக்கு முன்னால் இவர் முந்திக்கொண்டு தனக்குப் பிடித்ததைச் சொன்னார். சொஜ்ஜியைத் தட்டில் சுற்றிச் சுற்றிக் குழைத்து, நடுவில் குழி பண்ணிக் காட்டினார். பையனின் அம்மா அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாராம். ஊருக்குப் போய் ஜாதகம் பொருந்தவில்லை என்று எழுதிவிட்டார்கள்.

இரண்டாவது வந்தவர்களில் பையனின் மாமா ஒருவர், பேச ஒன்றும் இல்லாமல், இப்போது என்ன ஆராய்ச்சி நடக்கிறது என்று கேட்டுவிட்டார். பாவம், மரியாதைக்குக் கேட்டிருப்பார். அவர்கள் பிடிக்க வேண்டிய மெட்ராஸ் ரயில் போய்விட்டது. ராத்திரி அங்கேயே படுத்தார்கள். படுத்த பிறகும் இருட்டில் இவர் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது என்று மாமி என்னிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். அந்த ஜாதகமும் பொருந்தவில்லை.

மூன்றாவது வரன் அப்படி விட்டுவிடக்கூடியதில்லை. திருவெறும்பூர்ப் பக்கம் தொழிற்சாலையில் எஞ்சினியர். வங்கிக்கு அடிக்கடி வருகிற பையன்தான். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், அதற்கப்புறம்தான் ஜாதகம் பார்த்தார்கள். அவள் அதை என்னிடம் சொன்னபோது முகம் சிவந்தது இன்னும் நினைவிருக்கிறது. கூடவே ஒரு பயமும் சொன்னாள். பையனின் அப்பா கும்பகோணத்துக்காரர், ரிடையர்டு தாசில்தார். ரிடையர் ஆனது அவருக்கு மட்டும் இன்னும் தெரியாது. மரியாதையில் ஒரு இம்மி குறைந்தாலும் எழுந்து போய்விடுவார். தன் சொந்த மைத்துனன் கல்யாணத்தில் பாதியில் எழுந்து போனவர்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்கு வரப்போகிறார் என்றதும் அவள் அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். தன் தலைமேல் அவர் கையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"தாலி ஏறற வரைக்கும் அந்தப் பேச்சு ஒரு வார்த்தை வாயிலே வரப்படாதுப்பா. என் தலைமேல சத்தியம்."

அவர் சத்தியம் செய்தார். செய்தது மட்டுமில்லை, காப்பாற்றவும் செய்தார். தாசில்தார் வந்தார், போனார், நிச்சயமானது. அத்தனை பேச்சிலும் இவர் தலையை ஆட்டியதோடு சரி. அடக்கமான மனுஷர் என்று தாசில்தார் சர்டிபிகேட் கொடுத்தாராம். அதைக் கேட்டு எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒருத்தருக்குப் புரையேறிவிட்டது.

கல்லூரியிலும் அவர் வாயைத் திறக்கவில்லை. எங்கே யார் கேட்டுக்கொண்டிருப்பார்களோ, எதற்கு வம்பு. புதுப் பத்திரிகை வரும், வாங்கிக்கொண்டு போவார், படிக்கப் படிக்க முகம் மலரும், வாய் திறக்கும், அப்படியே மூடிக்கொண்டு விழுங்குவார். என் நூலகம் முதல் தடவையாக நூலகம் மாதிரி இருந்தது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மனுஷருக்கு என்னமோ ஆகிவிடப்போகிறது என்று நிஜமாகவே பயந்தேன். சோடா பாட்டிலை எவ்வளவு நேரம் கோலியால் அடைத்து வைக்க முடியும்?

அது வாய் வழியாக வரவில்லை. கதவு வழியாக வந்தது.

கல்யாணச் சத்திரத்தைப் பார்க்கப் போனவர், அன்றைக்கு மாமி ஆச்சரியப்படும்படி, டேப்பை எடுத்து அளந்தார். கல்யாண வேலையில் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாத மனுஷர் தானாக ஒரு காரியம் செய்கிறாரே என்று எல்லோருக்கும் சந்தோஷம். சாப்பாட்டுக் கூடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பார்த்துக்கொள்ளட்டுமே என்று விட்டுவிட்டார்கள்.

நம் கல்யாணங்களில் பந்தி நடக்கிற லட்சணம் உங்களுக்குத் தெரியும். ஒரு பந்தி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த பந்திக்காரர்கள் உள்ளே வந்து, ஆளுக்கொரு நாற்காலியைப் பிடித்து, சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வார்கள். மோர் எப்போது வரும் என்று அவர்கள் பார்ப்பது இவர்கள் பிடரியில் உறைக்கும். சாப்பிட்டு எழுந்தவர்கள் ஈரக்கையோடு வெளியே வர, இவர்கள் உள்ளே பாய, கதவில் ஒரு யுத்தம். அந்தச் சத்திரத்திலும் கூடத்துக்கு முன்பக்கம் ஒரே கதவு. எல்லோரும் பின்கட்டில் குழாயடியில் கை கழுவிவிட்டுத் திரும்பக் கூடத்துக்குள்ளேயே வந்து, அதே கதவால்தான் வெளியேற வேண்டும்.

குழாயடிக்குப் பக்கத்தில் பின்சந்துக்குத் திறக்கிற ஒரு சின்னக் கதவு இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டார். முன்கதவு உள்ளே வர மட்டும், பின்கதவு வெளியே போக மட்டும். கை கழுவுகிறவர்கள் அப்படியே சந்தில் இறங்கி, சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்துவிடலாம். உள்ளே வருகிறது வெளியே போகிறதோடு மோதவே மோதாது. ஒரு வார்த்தை பேசாமல், தன் வாழ்நாள் கட்சியை அப்படியே சத்திரத்தின் தரையில் சாக்பீஸால் அம்புக்குறி போட்டு எழுதிவிட்டார். கோலம் போட வந்த பெண்கள் அம்புகளுக்கு மேலேயே கோலத்தைப் போட்டார்கள். அவர் அழித்து மறுபடி போட்டார்.

முன்கதவில் நான். புத்தகம் எடுக்க வருகிறவர்களை வரிசையாக உள்ளே விட்டுப் பழக்கம் இருக்கிறதாம். பின்கதவில் இயற்பியல் ஆய்வகத்து அட்டெண்டர், முசிறிப் பக்கத்து ஆள், தேக்கு மரம் மாதிரி இருப்பார். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனுஷர். அவருக்கு இட்ட கட்டளை இதுதான்: வெளியே போகிறவர் யாரையும் தடுக்காதே, அந்த வழியாக ஒருத்தரையும் உள்ளே விடாதே, யார் வந்து சொன்னாலும், நானே வந்து சொன்னாலும்.

முகூர்த்த நாள் காலை டிபன். முதல் பந்தி சம்பந்தி வீட்டாருக்கு. தாசில்தாரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் நடு இலையில் உட்கார வைத்தார்கள். இட்லி, பொங்கல், கேசரி. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அமைதியான பந்தியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. யார் முதுகிலும் யாரும் நிற்கவில்லை. மூலையில் நின்ற அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தாசில்தார்கூடக் காபியைக் குடித்துவிட்டு, "பேஷாப் பண்ணியிருக்கேள்" என்று சொல்லிவிட்டுத்தான் கை கழுவ எழுந்தார்.

அடுத்த பந்தியை நான் உள்ளே விட்டேன். எல்லோரும் உட்கார்ந்தாகிவிட்டது. அப்போதுதான் பின்கட்டிலிருந்து கதவை இடிக்கிற சத்தம் கேட்டது.

பின்சந்து என்றால் என்ன என்று எங்களில் ஒருத்தரும் யோசிக்கவில்லை. எச்சில் இலை கொட்டுகிற இடம் அதுதான். முதல் பந்தி இலைகள் அப்போதுதான் வந்து விழுந்திருந்தன, இரண்டு மாடுகள் நின்று தின்றுகொண்டிருந்தன. செருப்பெல்லாம் முன்வாசலில். ஈரக்கையோடு, பட்டு அங்கவஸ்திரத்தோடு, வெறுங்காலோடு, கும்பகோணம் ரிடையர்டு தாசில்தார் மாட்டுக்கும் எச்சில் இலைக்கும் நடுவில் நிற்கிறார். பின்னால் கதவு சாத்தியாகிவிட்டது. துண்டு எடுக்கத் திரும்ப வந்தவரை அட்டெண்டர் உள்ளே விடவில்லை. நான் யார் தெரியுமா என்று அவர் கேட்டதற்கு, யாராயிருந்தாலும் இந்த வழி கிடையாதுங்க என்று மரியாதையாகவே பதில் சொல்லியிருக்கிறார்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது தாசில்தார் சந்தில் இறங்கி நடக்க ஆரம்பித்திருந்தார். சத்திரத்து முன்வாசல் பக்கம் இல்லை, எதிர்ப்பக்கம். அவர் தம்பி பின்னாலேயே போய்ச் சமாதானம் சொல்கிறார், கேட்கவில்லை. நம் பேராசிரியர் வெளியே பாய்ந்தார், நானும் பாய்ந்தேன். எங்கள் இரண்டு பேரையும் வெளியே விட்டுவிட்டு அட்டெண்டர் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதே நேரத்தில் முன்வாசலில் காசி யாத்திரை ஆரம்பமாகிவிட்டது. கல்யாணம் வேண்டாம், காசிக்குப் போகிறேன் என்று மாப்பிள்ளை குடையும் கைத்தடியுமாகத் தெருவில் இறங்குவார். பெண்ணின் அப்பா போய்த் தடுத்து, என் பெண்ணைத் தருகிறேன், திரும்பி வாருங்கள் என்று கெஞ்சி அழைத்து வர வேண்டும். அங்கே வாத்தியார் பெண்ணுக்குத் தோப்பனார் எங்கே, எங்கே என்று கத்துகிறார். தோப்பனார் இங்கே பின்சந்தில், மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நிற்கிறார்.

தாசில்தார் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

"எச்சில் இலையைத் தள்ற வாசல் வழியா என்னைத் தள்ளிக் கதவைச் சாத்தினேள்," என்றார். "ஏன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. கேட்டுட்டு நான் பாட்டுக்குப் பிள்ளையை அழைச்சுண்டு ஊருக்குப் போறேன்."

இவர் வாயைத் திறந்தார். மூடினார். எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கதவுக்குக் காரணம் சொல்ல வேண்டுமென்றால் அந்தப் பேச்சைத்தான் பேசியாக வேண்டும். தாலி இன்னும் ஏறவில்லை. பெண்ணின் தலைமேல் சத்தியம். வாழ்நாளெல்லாம் கேட்காதவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனுஷரை, அன்றைக்குத்தான் ஒருவர் வலிய வந்து சொல் சொல் என்கிறார், இவரால் முடியவில்லை. சொல்லுங்க சார் என்று நான் கெஞ்சினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, கழுத்தில் முடிச்சுப் போடுகிற மாதிரி கையால் காட்டினார். தாலியைச் சொல்கிறார். தாசில்தாருக்கு அது எப்படித் தெரியும்? கழுத்தை நெரிப்பேன் என்கிறாரோ என்று ஓரடி பின்னால் போனார்.

இது வேலைக்கு ஆகாது என்று நான் முன்வாசல் பக்கமாகச் சுற்றி ஓடினேன். குடையின் கீழே நின்ற மாப்பிள்ளையைத் தாண்டி, மணப்பெண் அறைக்குள் புகுந்து, ஒரே மூச்சில் சொன்னேன். ஜடையில் பாதி பூ வைத்திருந்தது. அந்தப் பேச்சு ஏற்கெனவே இரண்டு தடவை அவளுக்கு வந்த வரனை விரட்டியிருக்கிறது. இப்போது அதே பேச்சை அவளே அவிழ்த்துவிட வேண்டும். விட்டால் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? விடாவிட்டால் என்ன ஆகும் என்பது தெரிந்துவிட்டது.

மணப்பெண் சந்துக்குப் போவதா என்று அத்தைகள் கூச்சல் போட்டார்கள். அவள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்தின் வழியாகப் போனாள், நான் பின்னாலேயே. பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் இட்லியும் கையுமாகப் பார்த்தார்கள். அட்டெண்டர் மணப்பெண்ணையும் என்னையும் வெளியே விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அப்பா," என்றாள். "சத்தியத்தை நான் எடுத்துக்கறேன். மாமாகிட்ட சொல்லுங்கோ. முழுக்கச் சொல்லுங்கோ."

அவர் அவளைப் பார்த்தார். நிஜமாகவா என்று கேட்கிற பார்வை. அவள் தலையை ஆட்டினாள். மாதாவே காப்பாற்று என்று நான் வேண்டிக்கொண்டேன்.

அவர் ஆரம்பித்தார். நிச்சயமானதிலிருந்து மூன்று மாசமாக அடைத்து வைத்திருந்த பேச்சு. கேலக்ஸியில் ஆரம்பித்து, நடுவில் உட்கார்ந்த பூதத்துக்கு வந்து, அது தின்னத் தின்னக் கொதித்து, கொதிப்பில் தன் சாப்பாட்டையே ஊதித் தள்ளுவதைச் சொல்லி, அங்கிருந்து பந்திக்கு இறங்கினார். சாப்பிடுகிற மனுஷன் முதுகுக்குப் பின்னால் இன்னொருத்தன் பசியோடு நிற்கிறது இரண்டு பேருக்கும் அவமானம், அது சம்பந்திக்கு நேரக் கூடாது, அதற்காகத்தான் வழியைப் பிரித்தேன் என்றார். செருப்பை நினைக்கவில்லை, இலையை நினைக்கவில்லை, காற்று போகிற வழியை மட்டும்தான் நினைத்தேன் என்றார். தாசில்தாரால் நகர முடியவில்லை, ஒரு பக்கம் மாடு. வேறு வழியில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், நடுவில் ஓரிடத்தில், "அப்புறம்?" என்றார்.

நான் அத்தனை வருஷத்தில் அவரிடம் 'உஷ்' சொல்லியிருக்கிறேன், எங்கள் முதல்வர் 'சரி சரி' சொல்லியிருக்கிறார், மாமி 'போதும்' சொல்லியிருக்கிறார். அப்புறம் என்று ஒருவர் கேட்டு நான் கேட்டதே இல்லை. அவரும் கேட்டதில்லை போலிருக்கிறது. சமாளித்துக்கொண்டு மிச்சத்தையும் சொல்லி முடித்தார்.

"அப்போ இந்தக் கதையிலே நான்தான் வெளியிலே தள்ளின காத்து," என்றார் தாசில்தார்.

"ஆமாம் ஸ்வாமி."

"அந்தக் காத்து திரும்பி வருமா, வராதா?"

முன்வாசல் பக்கம் நாதஸ்வரம் இழுத்துக்கொண்டே இருந்தது. அவள் தன் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். இப்போதாவது ஒரு பொய் சொல்லித் தொலையுங்களேன், வரும் என்று சொல்லிவிடுங்களேன் என்று நான் மனசுக்குள் கத்தினேன். அவர் நின்று நிதானமாக யோசித்தார்.

"வேகத்தைப் பொறுத்தது," என்றார். "ரொம்ப வேகமாப் போயிட்டா வராது, போனது போனதுதான். மெதுவாப் போயிருந்தா, அங்கே இருக்கற அத்தனை கனமும் சேர்ந்து இழுக்கும். திரும்பி வந்துடும்."

தாசில்தார் குனிந்து தன் காலைப் பார்த்தார். சரளைக்கல்லில் பாதம் சிவந்திருந்தது. நிமிர்ந்து, பாதிப் பூவோடு நின்ற மருமகளைப் பார்த்தார்.

"நான் மெதுவாத்தான் வந்தேன்," என்றார். "கால்லே செருப்பு இல்லியோன்னோ."

கதவைத் தட்டிப் பார்த்தோம். அட்டெண்டர் அசையவில்லை. நான்தான்யா சொல்றேன் என்று இவர் கத்தியதற்கு, "நீங்களே வந்து சொன்னாலும் விடக் கூடாதுன்னு சார்தான் சொல்லியிருக்கீங்க" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. சரி என்று எல்லோரும் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு நடந்தோம். ஒரு பக்கம் இவர், ஒரு பக்கம் பெண், நடுவில் தாசில்தார் இரண்டு பேர் தோளையும் பிடித்துக்கொண்டு, கல் குத்தாத இடமாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தார்.

முன்வாசலில் மாப்பிள்ளை குடையோடு இன்னும் நின்றுகொண்டிருந்தார். கெஞ்சி அழைக்க வேண்டிய மாமனாருக்கு முன்னால் அவர் அப்பாவே போய் நின்றார்.

"காசியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், உள்ளே வாடா," என்றார். "வழியெல்லாம் ஒரே கல்லு."